தலைவர் கைவிட்டார், சட்டம் கைவிடவில்லை: டாக்டர் அடிசனின் கதை

தேர்தல் முடிவு வந்த வாரத்தில் நாம் வழக்கமாகப் பார்க்கும் காட்சி ஒன்று உண்டு. புதிதாக ஜெயித்தவர் மைக் முன்னால் நிற்பார். மாலை கழுத்திலேயே இருக்கும். "தலைவரின் கரத்தை வலுப்படுத்துவேன், தொகுதிக்கு நல்ல ஆஸ்பத்திரி கொண்டு வருவேன்" என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். ஐந்து வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் தலைவர் படம் சுவரில் இருக்கும், ஆஸ்பத்திரி அடிக்கல்லோடு நின்றிருக்கும்.

இந்த இரண்டு வாக்குறுதியும் எப்போது சேர்ந்து வேலை செய்யும், எப்போது பிய்த்துக்கொண்டு போகும்? இதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருபவர் கிறிஸ்டோபர் அடிசன் என்ற பிரிட்டிஷ் டாக்டர். 1910-ல் முதல்முறை எம்.பி. ஆனார். லாயிட் ஜார்ஜ் என்ற பெரிய தலைவரின் பின்னால் பத்து வருஷத்துக்கும் மேல் நின்றார். அவரால் ஏறினார், அவராலேயே இறங்கினார். நடுவில் இவர் சட்டத்தில் நுழைத்த ஒன்றிரண்டு வரிகள் மட்டும் இன்றுவரை உயிரோடு இருக்கின்றன. அதில் ஒன்றின் பலன் நம்ம சேத்துப்பட்டு வரைக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கதைதான் இது. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடம்புக்குக் கோடு போட்டவர்

அடிசன் 1869-ல் லிங்கன்ஷயர் பக்கம் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். ஷெஃபீல்டிலும் லண்டன் செயிண்ட் பார்த்தலோமியூ ஆஸ்பத்திரியிலும் மருத்துவம் படித்தார். பிறகு ஷெஃபீல்டில் உடற்கூறியல் பேராசிரியர், அடுத்து லண்டன் சேரிங் கிராஸ் ஆஸ்பத்திரி மருத்துவப் பள்ளி. நம்ம ஊர் எம்.பி.பி.எஸ். முதல் வருஷப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், "டிரான்ஸ்பைலோரிக் பிளேன்" என்று ஒன்றை மனப்பாடமாகச் சொல்வார்கள். தொண்டைக்குழிக்குக் கீழே இருக்கும் எலும்புப் பள்ளத்துக்கும் அடிவயிற்று எலும்புக்கும் சரிபாதியில் உடம்பின் குறுக்கே போகிற கற்பனைக் கோடு. கத்தி வைக்காமலே உள்ளுறுப்புகள் எங்கே இருக்கின்றன என்று கணிக்க உதவுவது. அதற்கு "அடிசன் தளம்" என்றும் பெயர் உண்டு. அந்த அடிசன்தான் இவர்.

இப்படிப்பட்ட மனிதர் எதற்காக ஓட்டுக் கேட்டுத் தெருவில் இறங்க வேண்டும்? அந்தக் காலத்து லண்டன் ஆஸ்பத்திரிகளில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தினமும் கண்முன்னே தெரிந்தது. வருகிற நோய்களில் பாதி, வீட்டிலிருந்தும் கூலியிலிருந்தும் வருபவை. ஒரே அறையில் ஐந்தாறு பேர், சூரிய வெளிச்சம் இல்லை, அரைவயிறு சாப்பாடு. மருந்து கொடுத்து அனுப்பினால் அதே அறைக்குத்தான் திரும்பிப் போவார்கள். 1910 ஜனவரிப் பொதுத் தேர்தலில் கிழக்கு லண்டனின் ஹாக்ஸ்டன் தொகுதியில் லிபரல் கட்சி வேட்பாளராக நின்று ஜெயித்தபோது அடிசனுக்கு வயது 40. ஹாக்ஸ்டன் என்றால் மரச்சாமான் பட்டறைகளும் நெருக்கமான சந்துகளும் நிறைந்த ஏழைப் பகுதி. இன்று அங்கே காபிக் கடையும் கலைக்கூடமுமாக இருக்கிறது, அது வேறு விஷயம்.

அந்தத் தேர்தலே ஒரு தலைவரைச் சுற்றி நடந்த தேர்தல். நிதியமைச்சர் லாயிட் ஜார்ஜ் 1909-ல் போட்ட "மக்கள் பட்ஜெட்"டை பிரபுக்கள் சபை தூக்கி எறிந்தது. பணக்காரர்கள் மீது கூடுதல் வருமான வரி, நிலத்தின் மீது வரி. பிரபுக்களுக்குக் கோபம் வராதா என்ன? ஆக, 1910-ல் லிபரலாக நின்ற ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வகையில் லாயிட் ஜார்ஜுக்காக ஓட்டுக் கேட்டவர்தான். முடிவில் லிபரல்களும் கன்சர்வேடிவ்களும் கிட்டத்தட்ட சமமாக வந்தார்கள். ஐரிஷ் உறுப்பினர்களும் லேபர் உறுப்பினர்களும் கை கொடுக்க ஆட்சி நின்றது. ஒவ்வொரு தலையும் முக்கியம் என்ற சபைக்குள் அடிசன் நுழைந்தார்.

நாலு கொடுத்தால் ஒன்பது

லாயிட் ஜார்ஜைப் பற்றி இரண்டு வரி. வேல்ஸ்காரர். பள்ளி ஆசிரியரான அப்பா நிமோனியாவில் இறந்தபோது இவருக்கு இரண்டு வயது கூட ஆகவில்லை. செருப்புத் தைக்கும் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தவர். குடும்பத்தலைவர் படுத்துவிட்டால் வீடு என்ன ஆகும் என்பது அவருக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியதில்லை. 1908-ல் ஜெர்மனிக்குப் போய், 1883-ல் பிஸ்மார்க் கொண்டுவந்திருந்த நோய்க் காப்பீடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வந்தார். 1911 மே 4-ம் தேதி தேசிய இன்சூரன்ஸ் மசோதாவைச் சபையில் வைத்தார்.

திட்டம் இதுதான். வாரத்துக்குத் தொழிலாளி 4 பென்னி, முதலாளி 3 பென்னி, அரசாங்கம் 2 பென்னி. "நாலு கொடு, ஒன்பது எடு" என்பதுதான் லாயிட் ஜார்ஜின் பிரசாரம். பதிலுக்கு, நோயில் படுத்தால் ஆணுக்கு வாரம் 10 ஷில்லிங், பெண்ணுக்கு ஏழரை ஷில்லிங், 26 வாரம் வரை. இலவச டாக்டர், இலவச மருந்து, பிரசவத்துக்கு 30 ஷில்லிங், காசநோய் வந்தால் சானடோரியத்தில் சேர்க்க ஏற்பாடு. நம்ம ஊரில் ஈ.எஸ்.ஐ. கார்டு வைத்திருப்பவர்களுக்கு இது புதுசாகத் தோன்றாது. சம்பளத்திலிருந்து கொஞ்சம், முதலாளியிடமிருந்து கொஞ்சம், பதிலுக்கு டிஸ்பென்சரியும் விடுப்புக் காசும் என்று 1948-ல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய ஈ.எஸ்.ஐ. சட்டமும் இதே குடும்பம்தான்.

ஓட்டையும் இருந்தது. காப்பீடு தொழிலாளிக்கு மட்டும். வீட்டிலிருக்கும் மனைவிக்கும் குழந்தைக்கும் டாக்டர் கிடையாது. காசநோய் தவிர மற்ற எதற்கும் ஆஸ்பத்திரிப் படுக்கை கிடையாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறது.

எதிர்ப்பு பல பக்கத்திலிருந்தும் வந்தது. வீட்டு வேலைக்காரர்களின் அட்டையில் எஜமானியம்மாள் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்று இருந்தது. அதற்காகவே ஆல்பர்ட் ஹாலில் கூட்டம் போட்டு ஸ்டாம்பை நக்க மாட்டோம் என்று சபதம் செய்தார்கள். ஆனால் உண்மையான ஆபத்து டாக்டர்கள் பக்கமிருந்துதான் வந்தது.

டாக்டர்களுக்கு எதிரே நின்ற டாக்டர்

டாக்டர்களின் சங்கமான பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் ஆறு நிபந்தனைகளைப் போட்டது. அவற்றை ஏற்றால்தான் வேலை, இல்லையென்றால் ஒரு டாக்டரும் திட்டத்தில் சேர மாட்டார். சும்மா மிரட்டல் என்று தள்ள முடியாது. டாக்டர்கள் வராத மருத்துவக் காப்பீடு, மாடு இல்லாத வண்டி.

டாக்டர்கள் எதற்காக இவ்வளவு கொதித்தார்கள்? காசு ஒரு காரணம், அதைவிடப் பெரிய காரணம் மானம். அப்போது தொழிலாளர்கள் லட்சக்கணக்கில் "ஃப்ரெண்ட்லி சொசைட்டி" எனப்பட்ட உதவிச் சங்கங்களில் சேர்ந்திருந்தார்கள். நம்ம ஊர்ச் சீட்டும் சங்கமும் கலந்த மாதிரி ஓர் ஏற்பாடு. இந்தச் சங்கம் ஒரு டாக்டரை ஒப்பந்தத்தில் பிடித்துப்போடும். உறுப்பினர் ஒருவருக்கு வருஷத்துக்கு நாலு ஷில்லிங் சுமாருக்கு. நோயாளிகள் எவ்வளவு வந்தாலும் அதே காசு. சங்கத் தலைவருக்குப் பிடிக்கவில்லை என்றால் டாக்டர் வெளியே. லாயிட் ஜார்ஜின் முதல் மசோதா மருத்துவ உதவியை நிர்வகிக்கும் பொறுப்பை இதே சங்கங்களிடம்தான் கொடுத்திருந்தது. இதுவரை ஊரில் பாதிப் பேர் விஷயத்தில் அனுபவித்த அவமானம் இனி ஊர் முழுக்க என்று டாக்டர்கள் பார்த்தார்கள்.

இங்கேதான் புது எம்.பி. அடிசன் வருகிறார். அவருக்கு இரண்டு பக்கமும் தெரியும். தலைவர் மீது நம்பிக்கை, அதே சமயம் தன் தொழிலாட்கள் எங்கே வலிக்கிறது என்று கத்துகிறார்கள் என்பதும் தெரியும். அவர் செய்தது என்ன? தலைவரைப் புகழ்ந்து கூட்டம் போடவில்லை, டாக்டர்கள் பக்கம் சாய்ந்து மசோதாவையும் எதிர்க்கவில்லை. 1911 ஆகஸ்டில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மருத்துவ உதவியின் நிர்வாகத்தை உதவிச் சங்கங்களிடமிருந்து எடுத்து, உள்ளூர் இன்சூரன்ஸ் குழுக்களிடம் கொடு. அந்தக் குழுவில் டாக்டர்களுக்கும் இடம் கொடு. சேர விரும்பும் எந்த டாக்டரும் பட்டியலில் பெயர் எழுதிக்கொள்ளலாம், அந்தப் பட்டியலிலிருந்து நோயாளி தனக்குப் பிடித்தவரைத் தேர்ந்தெடுக்கலாம். "பேனல் டாக்டர்" என்ற சொல் பிறந்தது இப்படித்தான். திருத்தம் பெரிய ஆதரவோடு நிறைவேறியது.

யோசித்துப் பாருங்கள். லாயிட் ஜார்ஜ் வக்கீல், பிரமாதமான பேச்சாளர். ஆனால் ஒரு கிளினிக்கில் டாக்டருக்கும் சங்கத்துக்கும் நடுவில் என்ன நடக்கிறது என்பது அவருக்குக் கேள்வி ஞானம்தான். அந்த இடத்தில் தலைவருக்குத் தேவைப்பட்டது இன்னொரு கைத்தட்டல் அல்ல. "ஐயா, இந்த ஷரத்து இப்படியே இருந்தால் திட்டம் படுத்துவிடும், இப்படி மாற்றுங்கள்" என்று சொல்ல ஓர் ஆள். தலைவரின் கரத்தை வலுப்படுத்துவது என்றால் உண்மையில் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது.

மசோதா 1911 டிசம்பர் 16-ம் தேதி சட்டமானது. அதோடு சண்டை ஓயவில்லை. 26,000-க்கும் மேற்பட்ட டாக்டர்கள் வேலை செய்ய மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டார்கள். மருந்துச் செலவு நீங்கலாகத் தலைக்கு எட்டரை ஷில்லிங் கேட்டார்கள். 1912 அக்டோபரில் லாயிட் ஜார்ஜ் மருந்தையும் சேர்த்து 9 ஷில்லிங் வரை ஏற்றிக் கொடுத்தார். ஏழைப் பகுதி டாக்டர்கள் கணக்குப் போட்டார்கள். சங்கத்துக் காசைவிட இது கிட்டத்தட்ட இரட்டிப்பு. 1913 ஜனவரியில் மருத்துவ உதவி தொடங்கும் நேரத்தில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் பேனலில் சேர்ந்துவிட்டார்கள். வேறு வழியில்லாமல் அசோசியேஷன் தன் உறுப்பினர்களைச் சபதத்திலிருந்து விடுவித்தது.

தலைக்கு ஒரு பென்னி

இப்போது நான் இந்தக் கட்டுரையை எழுதக் காரணமான அந்த வரிக்கு வருகிறேன். சட்டத்தில் காசநோய் சானடோரியங்கள் பற்றிய பகுதியில் ஒரு சின்ன ஏற்பாடு உண்டு. காப்பீடு செய்த ஒவ்வொருவர் பெயரிலும் வருஷத்துக்கு ஒரு பென்னியை மருத்துவ ஆராய்ச்சிக்கு ஒதுக்கலாம் என்பதே அது. இந்த ஏற்பாடு உருப்பெற்றதில் அடிசனுக்கு முக்கியப் பங்கு உண்டு.

ஒரு பென்னியில் என்ன ஆகும் என்று தோன்றும். காப்பீட்டில் இருந்தவர்கள் சுமார் 1.3 கோடி. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. பெருக்கி வகுத்தால் வருஷத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல், யாரிடமும் கையேந்தாமல், வருஷா வருஷம். 1913-ல் இந்தப் பணத்தைச் செலவழிக்க மெடிக்கல் ரிசர்ச் கமிட்டி அமைந்தது. அடிசன் அதில் ஓர் உறுப்பினர். காசநோய் ஆராய்ச்சியோடு நிற்காமல், மருத்துவ ஆராய்ச்சி முழுவதையும் பார்ப்பது என்று கமிட்டி முடிவு செய்தது. 1920-ல் அதுவே மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் ஆனது.

அந்த மாற்றத்தில் அடிசன் செய்த ஒரு காரியம் கவனிக்கத்தக்கது. அப்போது அவரே சுகாதார அமைச்சர். ஆராய்ச்சி கவுன்சிலைத் தன் அமைச்சகத்துக்குக் கீழே வைத்துக்கொள்ள எல்லா வாய்ப்பும் இருந்தது. வேண்டாம் என்று தனியாக, ப்ரிவி கவுன்சிலின் கீழ் நிறுத்தினார். ஆராய்ச்சி என்பது அமைச்சர்களின் அன்றாட அவசரத்துக்கு ஆடக்கூடாது என்பது வாதம். கைக்கு வந்த அதிகாரத்தைத் தானே தள்ளி வைத்த அமைச்சர்கள் எத்தனை பேரை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்?

தலை எண்ணியவர்

1916 டிசம்பர். முதல் உலகப் போர் நடுவில் பிரதமர் அஸ்க்வித்துக்கும் லாயிட் ஜார்ஜுக்கும் முட்டிக்கொண்டது. இருவரும் ஒரே லிபரல் கட்சி. கட்சி எம்.பி.க்களில் யார் யார் லாயிட் ஜார்ஜ் பக்கம் வருவார்கள்? அந்தக் கணக்கை எடுக்கும் வேலையை அடிசன் முன்னின்று செய்தார். ஒவ்வொருவரையாகப் பிடித்துப் பேசி, 49 பேர் நிச்சயம், லாயிட் ஜார்ஜால் அரசு அமைக்க முடிந்தால் மேலும் 126 பேர் வருவார்கள் என்று கணக்குக் கொடுத்தார். அந்தத் தெம்பில் லாயிட் ஜார்ஜ் முன்னேறினார். டிசம்பர் 7-ம் தேதி பிரதமர்.

அடிசனுக்குப் பலன் கிடைத்தது. வெடிமருந்து அமைச்சர், 1917-ல் மறுசீரமைப்பு அமைச்சர், 1919-ல் பிரிட்டனின் முதல் சுகாதார அமைச்சர். அதுவரை சுகாதாரம் பல துண்டாகக் கிடந்தது. ஏழைகள் சட்டம் ஒரு வாரியத்திடம், காப்பீடு இன்னொரு கமிஷனிடம், பள்ளிப் பிள்ளைகள் கல்வித்துறையிடம். 1918 இன்ஃப்ளூயன்சாவில் பிரிட்டனில் மட்டும் இரண்டு லட்சம் பேருக்கு மேல் செத்தபோது, இதற்கு யார் பொறுப்பு என்று கைகாட்ட ஓர் அமைச்சர் கூட இல்லை. அடிசன் அந்தத் துண்டுகளில் பெரும்பாலானவற்றை ஒரு கூரைக்குக் கீழே கொண்டு வந்தார்.

அவர் அமைத்த ஆலோசனைக் குழு, டாசன் தலைமையில், 1920 மே மாதம் ஓர் அறிக்கை கொடுத்தது. ஊருக்கு ஊர் ஆரம்ப சுகாதார நிலையம், அதற்கு மேலே இரண்டாம் நிலை மையம், அதற்கும் மேலே மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி என்று அடுக்கு. நம்ம ஊர் பி.எச்.சி. கட்டடத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது சாதாரணம். இந்தியாவில் போர் கமிட்டி ஆரம்ப சுகாதார நிலையங்களைப் பரிந்துரைத்தது 1946-ல், டாசன் அறிக்கைக்கு 26 வருஷம் பின்னால்.

வீட்டில் விழுந்த அடி

போர் முடிந்ததும் வீரர்கள் வாழத் தகுந்த நாட்டை உருவாக்குவோம் என்று லாயிட் ஜார்ஜ் ஊர் ஊராகப் பேசினார். அந்தப் பேச்சுக்குச் செங்கல் எடுத்துக் கொடுக்க வேண்டிய ஆள் அடிசன். வீட்டு வசதியும் சுகாதார அமைச்சகத்திடம்தான். அவருக்கு அதில் முரண்பாடே தெரியவில்லை, காசநோயும் சேரியும் ஒரே வியாதிதான். 1919 வீட்டுச் சட்டப்படி நகராட்சிகள் வீடு கட்ட வேண்டும். உள்ளூர் வரியில் ஒரு பென்னிக்கு மேல் வரும் நஷ்டம் முழுவதும் கஜானா தலையில். மூன்று வருஷத்தில் ஐந்து லட்சம் வீடு என்பது வாக்குறுதி.

கொத்தனார் இல்லை, செங்கல் இல்லை, வட்டி ஏறியது. போருக்கு முன்னால் ஆன செலவைப்போல் ஒரு வீட்டுக்கு மூன்று மடங்குக்கு மேல் ஆனது. நஷ்டம் முழுவதும் அரசாங்கத்துக்கு என்றால் நகராட்சிகள் ஏன் சிக்கனம் பார்க்கப் போகின்றன? இது சட்டத்திலேயே இருந்த பலவீனம், அடிசன் இதற்குப் பொறுப்பேற்றுத்தான் ஆக வேண்டும். 1921 ஜனவரியில் பத்திரிகை முதலாளி ராதர்மியர் பிரபு "வீண்செலவு ஒழிப்பு லீக்" என்று ஆரம்பித்தார். அந்த லீக் இடைத்தேர்தல்களில் ஜெயிக்கவும் செய்தது. கூட்டணி அரசில் பெரும்பான்மையாக இருந்த கன்சர்வேடிவ்களுக்கு ஒரு பலிகடா தேவைப்பட்டது.

லாயிட் ஜார்ஜ் என்ன செய்தார்? 1921 ஏப்ரலில் அடிசனைச் சுகாதாரத்திலிருந்து தூக்கி இலாகா இல்லாத அமைச்சராக்கினார். வேலையில்லாத அமைச்சருக்கு 5,000 பவுண்டு சம்பளமா என்று கூச்சல் கிளம்பியதும், ஜூனில் சபையிலேயே எழுந்து அந்தச் சம்பளத்தைப் பாதியாக்கினார், அதுவும் அந்தக் கூட்டத்தொடர் வரைக்கும்தான் என்றார். 1916-ல் தனக்காகத் தலை எண்ணியவரின் தலையை நாடு பார்க்க விலை பேசியது போல ஆகிவிட்டது. ஜூலையில் வீட்டுத் திட்டமும் வெட்டப்பட்டது. அடிசன் ராஜினாமா செய்தார். 1922-ல் "சேரிகளுக்கு இழைத்த துரோகம்" என்று பொருள்படும் தலைப்பில் புத்தகம் எழுதினார். அதே வருஷத் தேர்தலில் தோற்றார். அந்தச் சட்டத்தின் கீழ் முடிவில் இரண்டு லட்சத்துச் சொச்சம் வீடுகள் எழுந்தன. வாக்குக் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. ஆனாலும் அரசாங்கச் செலவில் அந்த அளவுக்கு பிரிட்டன் அதற்கு முன் வீடு கட்டியதில்லை.

பென்னிக்கும் வீட்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் பாருங்கள். ஆராய்ச்சிப் பென்னிக்குத் தனி வரவு இருந்தது, தனி அமைப்பு இருந்தது, அதைத் தாங்கிப்பிடிக்க ஒரு தொழில்துறையே பின்னால் நின்றது. வீட்டுத் திட்டம் ஒவ்வொரு வருஷமும் கஜானாவின் தயவில், அதாவது தலைவரின் தயவில் நின்றது. தலைவர் கையை எடுத்ததும் இரண்டாவது சரிந்தது. முதலாவது அசையவே இல்லை.

கடைசிச் சுற்று

அடிசன் 1923-ல் லேபர் கட்சியில் சேர்ந்தார். 1929-ல் ஸ்விண்டனில் ஜெயித்து, 1930-ல் விவசாய அமைச்சர். 1931-ல் வேலையில்லாதவர்களுக்கான உதவித்தொகையை வெட்டப் பிரதமர் மெக்டொனால்ட் முடிவெடுத்தபோது, மந்திரிசபையில் எதிர்த்தவர்களில் இவரும் ஒருவர். இந்தமுறை தலைவரின் பின்னால் போகவில்லை. ஒருமுறை சூடு கண்ட பூனை.

1945-ல் அட்லி ஆட்சிக்கு வந்தபோது அடிசனுக்கு வயது 76. பிரபுக்கள் சபையின் தலைவராகவும் மந்திரிசபையின் மூத்தவராகவும் உட்கார்ந்தார். லாயிட் ஜார்ஜ் அந்த வருஷம் மார்ச்சில்தான் காலமாகியிருந்தார். புது சுகாதார அமைச்சர் அனூரின் பெவன், வேல்ஸ் சுரங்கத் தொழிலாளி. ஆஸ்பத்திரிகள் எல்லாவற்றையும் தேசிய உடைமையாக்க வேண்டும் என்றார். உள்ளாட்சிகளிடமே இருக்கட்டும் என்று ஹெர்பர்ட் மாரிசன் முட்டுக்கட்டை போட்டார். அந்த விவாதத்தில் கிழவர் அடிசன் பெவன் பக்கம் நின்றார். சபையில் இன்னொரு சிக்கல்: பிரபுக்களில் பெரும்பான்மை கன்சர்வேடிவ்கள். தேர்தல் அறிக்கையில் சொல்லி ஜெயித்த மசோதாக்களை பிரபுக்கள் சபை அடியோடு தடுக்கக் கூடாது என்று எதிர்க்கட்சித் தலைவரோடு ஓர் இணக்கத்துக்கு வந்தார். அதற்கு இன்றும் சால்ஸ்பரி–அடிசன் மரபு என்றே பெயர்.

1948 ஜூலை 5. என்.எச்.எஸ். பிறந்தது. 1911-ல் விட்டுப்போன மனைவிக்கும் குழந்தைக்கும் டாக்டர் வந்தார், எல்லோருக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கை வந்தது. டாக்டர்கள் சங்கம் இந்தமுறையும் எதிர்த்தது, இந்தமுறையும் கடைசியில் வந்து சேர்ந்தது. மூன்று வருஷம் கழித்து, 1951 டிசம்பரில் அடிசன் இறந்தார். வேடிக்கை என்னவென்றால், என்.எச்.எஸ். டாக்டர்கள் நோயாளிக் குறிப்புகளைப் போட்டு வைத்த சின்னக் காகித உறைக்கு இந்த நூற்றாண்டு வரைக்கும் "லாயிட் ஜார்ஜ் உறை" என்றுதான் பெயர். தலைவருக்கு உறையில் பெயர். அடிசனுக்கு உடற்கூறியல் புத்தகத்தில் ஒரு கோடு.

சேத்துப்பட்டில் முடிந்த கணக்கு

1911 சட்டம் வந்தபோது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, நல்ல காற்று, நல்ல சாப்பாடு, அதற்காகத்தான் சானடோரியம். கட்டுவதற்கு அரசாங்கம் தனியாக 15 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷனில் இறங்கி ஏறுபவர்களுக்கு அந்தச் சொல்லின் அர்த்தம் சொல்லத் தேவையில்லை.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943-ல் கண்டுபிடிக்கப்பட்டது. அது உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்துச் சோதித்து 1948-ல் முடிவை வெளியிட்டது மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில். ஆம், அந்தப் பென்னியில் பிறந்த அதே அமைப்பு. பிறகு இன்னும் பெரிய கேள்வி வந்தது. மருந்து இருக்கிறது, ஆனால் இந்தியா மாதிரி நாட்டில் எல்லாக் காசநோயாளிக்கும் சானடோரியப் படுக்கை எங்கே போவது? 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மெடிக்கல் ரிசர்ச் கவுன்சில் நான்கும் சேர்ந்து சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. பாதிப் பேருக்கு சானடோரியத்தில் சிகிச்சை, பாதிப் பேருக்கு வீட்டிலேயே அதே மருந்து. வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடம் நெருக்கடி, ஓய்வும் குறைவு. 1959-ல் முடிவு வந்தது. வீட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை.

அதற்குப் பிறகு உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடத் தொடங்கின. மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய் வேலையும் பார்த்துக்கொண்டு குணமாகலாம் என்பது சாதாரண நடைமுறையானது. சேத்துப்பட்டில் இருக்கும் அந்த மையம்தான் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சானடோரியம் கட்ட வந்த சட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு பென்னி, நாற்பத்தெட்டு வருஷம் கழித்து, சானடோரியமே வேண்டாம் என்று நிரூபிக்கக் கை கொடுத்திருக்கிறது.

இதிலிருந்து நமக்கு என்ன? புதிதாக ஜெயித்து வரும் ஒருவர் தலைவரை ஆதரிப்பதில் தப்பே இல்லை. லாயிட் ஜார்ஜ் இல்லாமல் அடிசனால் எதுவும் நடந்திருக்காது. தனி எம்.பி.யின் குரலுக்கு அவ்வளவுதான் எடை. ஆனால் தலைவருக்கு நெருக்கமாக இருக்கிற அந்தக் கொஞ்ச காலத்தை எதற்குப் பயன்படுத்துகிறார் என்பதுதான் கேள்வி. பதவி வாங்கினால் அது போய்விடும். வாக்குறுதி வாங்கினால் பட்ஜெட் இறுகும்போது அதுவும் போய்விடும். சட்டத்தில் ஒரு வரி, அந்த வரிக்கென்று ஒரு வருமானம், அதைப் பார்த்துக்கொள்ள ஓர் அமைப்பு, இந்த மூன்றையும் வாங்கிவிட்டால் தலைவர் மறந்தாலும் அது தன்பாட்டில் ஓடும்.

அடுத்தமுறை ஜெயித்தவர் மைக் முன்னால் வந்து ஆஸ்பத்திரி கொண்டு வருவேன் என்று சொல்லும்போது, கைதட்டிவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்தக் கணக்கிலிருந்து, வருஷத்துக்கு எவ்வளவு, அது எங்கே எழுதியிருக்கிறது?